கீழ்க் கட்டில்

ஹெஸ்தி அடித்த இறகுப்பந்து வலையில் பட்டு அவள் பக்கமே விழுந்தது. எதிரே நின்ற பர்னோ, "ஐயோ, தப்பு என்மேலதாம்மா!" என்றார். அரிசி ஆலைக்காரர், பான்யுமாஸ் ஊர்மன்றத்தில் வாரம் இரண்டு சாயங்காலம் ஆடுகிறவர். எதிராளி செய்த பிழைக்கு மன்னிப்புக் கேட்கும் ஆட்டத்தை ஹெஸ்தி இருபது வருடங்களில் பார்த்ததே இல்லை.

பதினொரு வயதில் ஜகார்த்தா பயிற்சி விடுதிக்குப் போனவள், இரண்டு உலகப் பட்டங்களோடும் சிதைந்துபோன வலது முழங்காலோடும் ஊர் திரும்பி மூன்று மாதம் ஆகிறது. முதல் நாள் கைதட்டினார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். அதன்பின் அவளுக்கு யாரும் பலமாக அடிக்கவில்லை. குழந்தைக்கு ஊட்டுவதுபோல் பந்தை உயர்த்தித் தந்தார்கள். ஆட்டம் முடிந்து வறுத்த சோயாத் தெம்பேயும் இனிப்புத் தேநீருமாக மற்றவர்கள் ஒருவரையொருவர் கிண்டலடித்துக்கொண்டிருப்பார்கள். அவள் வந்து உட்கார்ந்ததும் எல்லோருக்கும் முதுகு நிமிர்ந்துவிடும். பேச்சு முழங்காலின் நலத்துக்கு வந்துவிடும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, பள்ளிச் சீருடை தைக்கும் ஒருத்தி புதிதாக வந்திருந்தாள். குட்டை முடி, தடித்த கைகள். பர்னோ ஒதுங்கியதும் கேட்காமலே எதிரில் வந்து நின்றாள். மூன்றாவது பந்திலேயே ஹெஸ்தியின் வலது பக்கம், முழங்கால் போக மறுக்கும் இடமாகப் பார்த்து, ஓங்கி அடித்தாள்.

"என்ன பாக்கறே? எடு, போடு," என்றாள் அவள்.

ஹெஸ்திக்கு உடம்பெல்லாம் சூடேறியது. வலியை மறந்து ஓடினாள். ஒரு பந்தை வலையோரம் நழுவவிட்டு ஏமாற்றினாள். "அடிப்பாவி, கிழவியானாலும் திருட்டுப் புத்தி போகல!" என்று அவள் கத்தியபோது ஹெஸ்தி வாய்விட்டுச் சிரித்தாள். பதினைந்துக்கு இருபத்தொன்றில் ஹெஸ்திதான் தோற்றாள். தோற்றபிறகு இத்தனை சந்தோஷமாக இருந்ததாக அவளுக்கு நினைவில்லை.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. முகம் துடைத்தபடி ஹெஸ்தி கேட்டாள்: "நல்லா ஆடறே. உன் பேரு என்ன?"

அவள் தண்ணீர்ப் புட்டியை வாயிலிருந்து எடுத்தாள்.

"தர்மி. விடுதியில ஒண்ணரை வருஷம் உன் கீழ்க் கட்டில்ல படுத்திருந்தேன். நீ அம்மாவ நெனச்சு அழுவே. நான் கீழேயிருந்து பலகைய உதைப்பேன், நீ வாய மூடிக்கிட்டு அழுவே."

ஹெஸ்தி அந்த முகத்தைத் தேடினாள். அகப்படவில்லை. அகப்பட்டது ஒரு கால்தான். பின்னால் நகரும்போது அரை நொடி பிந்தும் இடது கால்.

"தேர்வு ஆட்டத்துல... உனக்கு இடது கால் பிந்தும். கடைசி அஞ்சு பந்தும் அங்கயேதான் போட்டேன்."

"ஆமா. மறுநாள் என்னைய வீட்டுக்கு அனுப்பிட்டாங்க." தர்மி சிரித்தாள். அந்தச் சிரிப்பில் குத்தல் இல்லை. அதுதான் ஹெஸ்திக்குத் தாங்கவில்லை. "காலு ஞாபகம் இருக்கு, பேரு இல்ல. சரி, விடு. அதனாலதான் நீ உலகப் பட்டம் வரைக்கும் போனே."

"மன்னிச்சுக்கோ."

"எதுக்கு? ஜெயிச்சதுக்கா?"

தர்மி மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளிடம் போனாள். ஹெஸ்தி வாசல்வரை நொண்டிக்கொண்டே பின்தொடர்ந்தாள். அந்த விடுதி அறையில் எட்டுக் கட்டில்கள். ஒருத்திக்கு மணிக்கட்டு மிருதுவானது. ஒருத்தி பந்து போடுமுன் இரண்டு முறை மூச்சிழுப்பாள். ஜன்னலோரக் கட்டிலில் இருந்தவளுக்குப் பின்கை அடி ரொம்பப் பலவீனம். எல்லாம் நினைவில் இருந்தது. ஒரு முகம்கூட இல்லை.

"தர்மி! ஜன்னலோரம் படுத்திருந்தது யாரு?"

தர்மி வண்டியை உதைத்துக் கிளப்பி, திரும்பிப் பார்த்து ஏதோ ஒரு பெயரைக் கத்தினாள். தகரக் கூரைமேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஹெஸ்திக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டதுபோல் தலையாட்டினாள். வண்டியின் சிவப்பு விளக்கு நெல்வயல் திருப்பத்தில் மறையும்வரை தலையாட்டிக்கொண்டே நின்றாள்.