முருகனை நிறுத்திய மதியம்

இளவேனில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் திரையில் கட்டங்கள் நகர்ந்தன. எழுந்து போய்த் திரும்பி மவுஸைத் தொட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருந்தன. கம்ப்யூட்டரில் சிதறிய ஃபைல்களைச் சேர்த்து அடுக்கும் டிஃப்ராக், காலையிலிருந்து இப்படித்தான் அவளை அலைக்கழித்தது.

அவள் டைப்படிப்பது சிங்காநல்லூரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடையில். முதலாளி திருமலைசாமி புது ஃபைல் தொடங்க விடமாட்டார். நல்லபடியாக நடந்த கல்யாணத்தின் பத்திரிகையைத் திறந்து, அந்த மாப்பிள்ளையை அழித்து, அடுத்தவரை அடிக்க வேண்டும். ராசி தொடருமாம். ஆனால் வீட்டுக்கு வீடு சித்தப்பாக்களும் தாய்மாமன்களும் கூடுவார்கள். ஃபைல் வளரும். பக்கத்து இடம் நிரம்பியிருப்பதால், மிச்சத்தை ஹார்ட் டிஸ்க் கிடைத்த இடத்தில் வைக்கும். ஒரே குடும்பம் பந்தியில் ஆளுக்கொரு வரிசையில் உட்கார்ந்த மாதிரி. சாம்பார் வாளியோடு ஓடுகிறவர் பாடு திண்டாட்டம். டிஸ்க்கைப் படிக்கும் முள்ளும் அப்படி ஓடித்தான் கரகரக்கிறது. டிஃப்ராக் அந்தக் குடும்பத்தை எழுப்பி ஒரே வரிசையில் சேர்த்து உட்கார வைக்கும்.

"பொட்டி கெழடாயிருச்சு அம்மணி," என்றார் திருமலைசாமி. "கட்டம் ஓடறதெல்லாம் கண்காட்சி. சாயங்காலம் வரைக்கும் பாப்பேன். அப்பறம் டைப்படிக்கற வேலைய மச்சான் கடைக்குக் குடுத்துப்போடுவேன். நீயும் வேற எடம் பாத்துக்க கண்ணு."

"முடியற வரைக்கும் எந்திரிக்கமாட்டேனுங்ணா."

"சோறு?"

"இங்கயேதான்."

டப்பாவைத் திறந்தாள். கையில் தயிர்ச்சோறு, மவுஸைத் தொடவில்லை. சற்று நேரத்தில் திரை கறுத்து, முருகன் மயிலோடு மிதந்து வந்தார். திருமலைசாமி ஃப்ளாப்பியில் வாங்கிவந்து, மானிட்டருக்குப் பொட்டு வைத்துப் போட்ட ஸ்கிரீன் சேவர். இடது கையால் மவுஸை அசைத்தாள். கட்டங்கள் முதலிலிருந்து ஓடின.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பார்த்துக்கொண்டிருந்தபோதெல்லாம் கை மவுஸை ஆட்டிக்கொண்டே இருந்தது. கையை எடுத்தால் முருகன் வருவார். வந்தால் டிஸ்க்கில் ஏதோ எழுதப்படும். எழுதினால், அடுக்கியது கலைந்ததென்று டிஃப்ராக் திரும்ப ஆரம்பிக்கும்.

கை கழுவி வந்து ஸ்கிரீன் சேவர் செட்டிங்கைத் திறந்தாள்.

"சாமி மேல கை வெக்கக் கூடாதுன்னு சொன்னனா இல்லியா?"

"சொன்னீங்க. வெக்கறேனுங்ணா."

"ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"எனக்கு ஆகட்டும். சாமி செவுத்துலயும் இருக்காரு, அங்க கும்புடுங்க. பொட்டில வேல நடக்கோணும்."

திருமலைசாமி பக்கத்திலேயே நின்றார். அவள் முருகனை நிறுத்தினாள். கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

பொழுது சாய்வதற்குள் கட்டங்கள் கடைசி வரிசையைத் தொட்டன. அன்று அடிக்க வேண்டிய வரதராஜுலு வீட்டுப் பத்திரிகையைத் திறந்தாள். காலையில் டீ ஆறும்வரை கரகரத்த ஃபைல், திருமலைசாமி கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் வந்துவிட்டது.

"பிரிண்டரும் வேகமாயிருமா?"

"ஆகாதுங்ணா. ஃபைல் தொறக்கறது மட்டுந்தான். அதும் பழையபடி ஒண்ணுமேல ஒண்ணு அடிச்சா மறுபடி செதறும்."

மச்சான் கடைக்குக் கொடுக்கும் பேச்சு அதன்பின் வரவில்லை. அவர் சுவரிலிருந்த முருகனைப் பார்த்தார். இளவேனில், மூலையில் மஞ்சள் தடவிய ஒரு கழிவுப் பத்திரிகையைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதி, மானிட்டர் பொட்டுக்குக் கீழே ஒட்டினாள்:

டிஃப்ராக் ஓட்டும் முன் ஸ்கிரீன் சேவரை நிறுத்தவும்.