ஐயா வேண்டாங்கறார்

"உலகத்திலேயே நாற்காலியை விட்டு எழுந்து போகத் தெரிந்த இனம் ஒன்றே ஒன்றுதான். அது தமிழினம்!"

இப்படிச் சொல்லிவிட்டுக் குமாரசாமி கைதட்டலுக்காக நிறுத்தினார். அமெரிக்காவில் ஹூஸ்டன் பக்கத்துப் பேர்லேண்டில், செந்தமிழ்ச் சோலை என்ற தமிழ் மன்றத்தின் பொங்கல் விழா. மதியம் ஒன்றரை மணி. அரங்கம் முழுக்கப் பசி உட்கார்ந்திருந்தது. கைதட்டல் வரவில்லை. பின்வரிசையில் யாரோ ஒரு டிபன் டப்பாவின் மூடியைக் கீழே போட்டார்கள். குமாரசாமி அதையே கைதட்டலாக ஏற்றுக்கொண்டு, "நன்றி, நன்றி" என்றார்.

குமாரசாமிதான் சோலையின் தலைவர். தேங்க்ஸ்கிவிங் விடுமுறையில் மனைவி கலாவதியோடு பெரு நாட்டுக்குப் பேக்கேஜ் டூர் போய் வந்திருந்தார். போகும்போது எண்ணெய்க் கம்பெனியில் ஐ.டி. மேனேஜர், ஹூஸ்டனில் திரும்பி இறங்கும்போது தொல்லியல் அறிஞர். குஸ்கோ நகரத்து உயரம் ஒத்துக்கொள்ளாமல் பாதி நாள் ஹோட்டல் கட்டிலில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்தார். இன்காக்களின் பழைய மலை நகரமான மாச்சு பிச்சுவுக்குப் போன அன்றைக்கு ஒரே மூடுபனி. முன்னால் நின்ற ஜெர்மன்காரரின் முதுகைத்தான் பார்த்தார். இவை கலாவதிக்கு மட்டும் தெரிந்த ஆய்வுத் தரவுகள்.

"அடுத்த ஸ்லைடு போடுங்க. பாருங்க இந்தச் சுவரை. ரெண்டு கல்லுக்கு நடுவுல பிளேடு நுழையாது. சிமெண்ட் கிடையாது, இரும்பு கிடையாது. அவ்வளவு மலை உச்சியில அவ்வளவு மூளை. ஆனா ராஜா செத்தா இந்த இன்காக்காரன் என்ன பண்ணினான் தெரியுங்களா? எரிக்கலை. புதைக்கலை. பதப்படுத்தி, நல்ல துணி போத்தி, உட்கார வெச்சான்! அரண்மனை செத்தவனுக்கு. நிலம் செத்தவனுக்கு. வேலைக்காரங்க செத்தவனுக்கு. இந்த மாச்சு பிச்சுவே ஒரு ராஜாவோட சொத்துதான். அவன் செத்தப்புறமும் அவனுக்குத்தான். புதுசா வந்த ராஜாவுக்கு என்ன? வெறும் பட்டம்! அவன் வேற நாட்டை ஜெயிச்சுத்தான் சோறு திங்கணும்."

இந்த இடத்தில் அவர் குரல் தழுதழுத்தது. இன்காக்களுக்காக அல்ல.

குமாரசாமி தலைவராகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஆனால் சோலையின் வங்கிக் கணக்கு, பழைய தலைவர் சேனாபதி ஐயாவின் கையெழுத்தில் ஓடியது. சோலையின் சாமான்கள் கிடக்கும் வாடகை ஸ்டோரேஜின் சாவி ஐயாவிடம். அத்தனை பேரும் இருக்கும் வாட்ஸாப் குழுவுக்கு அட்மின் ஐயா. குமாரசாமி ஒரு தீர்மானம் கொண்டுவந்தால், செயற்குழு அதை ஆற அமரக் கேட்டுவிட்டு, "ஐயா என்ன சொல்றார்?" என்று கேட்கும். உப்புக்குச் சப்பாணியாக நின்ற ஒரு மனிதர் ஒரு சாம்ராஜ்யத்தின் துயரத்தைக் குஸ்கோவின் ஹோட்டல் கட்டிலில் படுத்தபடி புரிந்துகொண்டார். அதற்குப் பெயர்தான் ஆராய்ச்சி.

"இன்னும் கேளுங்க. விசேஷம்னா அந்தப் பிணங்களைத் தூக்கிட்டு வந்து சதுக்கத்துல வரிசையா உட்கார வெப்பானுங்க. முதல் சாப்பாடு அதுக்கு. மக்காச்சோளச் சாராயம் அதுக்கு. ஒரு கல்யாணம் பேசணும்னாக்கூடப் பிணத்துகிட்டத்தான் பர்மிஷன்! பிணம் பேசுமா? அதுக்குன்னு பக்கத்துல ஒருத்தி உட்கார்ந்திருப்பா. 'ஐயா சரிங்கறார். ஐயா வேண்டாங்கறார்.' அவ வெச்சதுதான் சட்டம்! இப்படிப்பட்டவன் அழியாம என்ன பண்ணுவான்?"

அரங்கத்தின் அத்தனை தலைகளும், ஒத்திகை பார்த்ததுபோல, முதல் வரிசைக்குத் திரும்பின. அங்கே மற்றவர்களுக்கெல்லாம் மடக்கு நாற்காலி. நட்டநடுவில் மட்டும் சிவப்பு வெல்வெட்டில் ஒற்றை சோபா. அதில் பொன்னாடை போர்த்தி, கண்ணை அரைவாசி மூடி, சேனாபதி ஐயா சாய்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி வசந்தாமணி அம்மா. ஐயா கூட்டத்தில் பேசுவதில்லை. குரல் எழும்பாது என்று கேள்வி. அவர் மனத்தில் இருப்பதை அம்மாதான் எடுத்துச் சொல்வார்.

அம்மா ஐயாவின் வாயருகே காதைக் கொண்டுபோனார். கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு எழுந்தார்.

"ஐயா பேச்சு ரொம்ப நல்லா இருந்துதுங்கறார். சாம்பார் ஆறுதாம். முடிச்சுக்கலாங்கறார்."

அன்றைக்கு அரங்கத்தில் எழுந்த ஒரே கைதட்டல் அதற்குத்தான்.

வீட்டுக்குப் போகும்போது காரில் கலாவதி கேட்டார். "ஏனுங்க, அவ்வளவு பேர் முன்னால பெரியவரைப் பிணம்னு சொல்லலாமுங்களா?"

"நான் பேரே சொல்லலியே."

"பேர் வேற சொல்லணுமாக்கும்."

ஜூன் மாதம் யாரும் எதிர்பாராதது நடந்தது. நியூ ஜெர்சியின் மான்மவுத் ஜங்ஷன் ஊரில் இருக்கும் ஐயாவின் மகளுக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது. ஐயாவும் அம்மாவும் வீட்டை விற்றுவிட்டு நியூ ஜெர்சிக்கே போவதாக முடிவாயிற்று. கிளம்புவதற்கு முந்தைய நாள் ஐயா குமாரசாமியின் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஹில்கிராஃப்ட் தெரு இந்திய மளிகைக் கடையின் பிளாஸ்டிக் பை. அதில் ஸ்டோரேஜ் சாவி, செக் புக், பாஸ்வேர்டுகள் எழுதிய ஒரு கவர், அடியில் மறந்துபோன ஒரு கட்டு கறிவேப்பிலை. பையை நீட்டினார். காரில் இருந்தபடியே அம்மா ஃபோனைத் தட்டி குமாரசாமியை அட்மின் ஆக்கினார். "வரட்டுங்களா தம்பி" என்றார் ஐயா. போய்விட்டார். உள்ளே வந்து உட்காரக்கூட இல்லை.

குமாரசாமிக்குக் கோபம் வந்தது. பிரிவுபசார விழாவுக்கு நாலு பக்கத்தில் உரை எழுதி வைத்திருந்தார்.

"இப்படியா ஒரு மனுஷன் போறது? ஒரு மரியாதை வேண்டாம்?"

"எழுந்து போகத் தெரியணும்னு நீங்கதானுங்க மைக்ல கத்துனீங்க" என்றார் கலாவதி, கறிவேப்பிலையை உருவிக்கொண்டே.

அந்த வாரமே சிவப்பு சோபா ஸ்டோரேஜுக்குப் போயிற்று. "மியூசியம் பீஸ்" என்று குமாரசாமி காலாலேயே உள்ளே தள்ளி ஷட்டரை இறக்கினார். அதற்குப் பிறகான ஆறு மாதம் அவர் வாழ்க்கையின் பொற்காலம். அலுவலகத்தில் அவருக்கு மேலே இருப்பவன் அவர் மகன் வயதுப் பையன். அவரை 'சாம்' என்று கூப்பிடுவான். குமாரசாமியில் சாமியைக்கூட முழுசாக விட்டுவைக்கவில்லை. இருபது வருட அமெரிக்காவில் அவரைத் "தலைவரே" என்று கூப்பிடுகிற இடம் இந்த ஒரு வாடகை அரங்கம்தான். இப்போது செக்கில் அவர் கையெழுத்து. வாட்ஸாப்பில் 'குட் மார்னிங்' படம் போட்ட மூன்று பேரைக் குழுவிலிருந்து நீக்கினார். வரும் பொங்கல் அழைப்பிதழில் தன் பெயருக்கு முன்னால் 'மாண்புமிகு' போடுவதற்கு எழுத்துரு வரைக்கும் முடிவு செய்திருந்தார்.

டிசம்பரில் அவர் வீட்டிலேயே செயற்குழு கூடியது. கலாவதி வெங்காய பஜ்ஜி போட்டார். செயலாளர் எழிலரசி, மெடிக்கல் சென்டரில் நர்ஸ், டியூட்டி முடிந்து நீலச் சீருடையோடே வந்தாள். பஜ்ஜியைத் தொடுவதற்கு முன்னால் விஷயத்துக்கு வந்துவிட்டாள்.

"அங்கிள், ஒரு ரெசல்யூஷன் கொண்டு வரேன். யாரா இருந்தாலும் தலைவர் பதவி ரெண்டு வருஷம்தான். அப்புறம் வேற ஆள். உங்களுக்கு மூணு முடியப் போகுது. இந்தப் பொங்கலோட மாத்திரலாம்."

குமாரசாமி சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

"எனக்கு இந்த ஐடியாவே உங்க ஸ்பீச் கேட்டுத்தான் வந்துது அங்கிள். எழுந்து போகத் தெரிஞ்ச இனம்னு சொன்னீங்களே, செம பாயிண்ட். யூட்யூப்ல திரும்பத் திரும்பப் பார்த்தேன்."

"அதுல பதினொரு வ்யூஸ்தானே இருக்கு" என்றார் பொருளாளர்.

"அதுல ஒன்பது நான்தான்."

எல்லோரும் தலையாட்டினார்கள். "நியாயம்தானே" என்று ஒரு குரல். "தலைவரே வழிகாட்டின மாதிரி இருக்கும்" என்று இன்னொரு குரல், வாயில் பஜ்ஜியோடு. வாக்கெடுப்பு நடந்தால் தன் கையைத் தவிர எல்லாக் கையும் உயரும் என்பது குமாரசாமிக்குத் தெரிந்தது. மாண்புமிகு, எழுத்துரு, செக், தலைவரே, எல்லாம் அந்தப் பஜ்ஜித் தட்டைத் தாண்டி எழிலரசியின் மடிக்கு நகர்வதைக் கண்ணால் பார்த்தார். பொங்கல் முடிந்தால் அவர் வெறும் சாம்.

"எதுக்கும்..." என்றார். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. "எதுக்கும் ஐயாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுரலாமே?"

அறை நிம்மதியாக மூச்சுவிட்டது. "கரெக்ட். அதான் முறை" என்றார் பொருளாளர். எழிலரசிகூட, "கேளுங்களேன்" என்றாள்.

குமாரசாமி ஃபோனை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போய்க் கதவைச் சாத்தினார். நான்காவது மணியில் எடுத்தார்கள்.

"அலோ! யாரு?" குரல் கணீரென்று வந்தது. குமாரசாமி ஃபோனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். எழும்பாது என்று கேள்விப்பட்ட குரல் அதுதான்.

"ஐயா, நான் குமாரசாமி."

"அட, தம்பி! இருங்க, கையில பனி தள்ளற சவுல். இங்க ஒரே ஸ்னோ. மாப்பிள்ளை தள்ள மாட்டேங்கறாரு, நான்தான் தள்ளறேன். ஜோரா இருக்குது."

பின்னாலிருந்து வசந்தாமணி அம்மாவின் குரல். "யாருங்க?"

"மன்றத்துக் குமாரு!"

"எந்த மன்றம்?"

"பழசு, பழசு!"

குமாரசாமி விஷயத்தைச் சொன்னார். ரெசல்யூஷன், இரண்டு வருடம், எழிலரசி, சோலையின் எதிர்காலம். மறுமுனையில் பனியைச் சுரண்டும் சத்தம் நிற்கவே இல்லை.

"இதுக்கெல்லாம் என்னைய எதுக்குக் கேக்கறீங்க? என்ன வேணாலும் பண்ணிக்குங்க."

"இல்லீங்கய்யா, நீங்க இருந்தவரைக்கும் உங்க முடிவுப்படிதானே எல்லாம்..."

"என்ற முடிவா? நல்லாச் சொன்னீங்க. எல்லாம் அம்மிணி அவளாச் சொல்றதுதான். நான் பாதி நேரம் தூங்கிட்டிருந்தேன் தம்பி. அந்த சோபா இருக்குது பாருங்க, அப்படியே உள்ள வாங்கிக்கும்." சிரித்தார். "பாப்பா அழுகுது, வெச்சரட்டுங்களா?"

வைத்துவிட்டார்.

குமாரசாமி இரண்டாவது ஃப்ரிட்ஜுக்கும் காருக்கும் நடுவில் கொஞ்ச நேரம் நின்றார். ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. பிறகு சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார். எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அந்த மாதிரி ஒரு பார்வையை அவர்கள் அவருக்குக் கொடுத்ததே இல்லை.

"ஐயா வேண்டாங்கறார்."

பொருளாளர் பஜ்ஜித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போகட்டுங்கறார்."

"எக்ஸாக்டா என்ன சொன்னார் அங்கிள்?" என்றாள் எழிலரசி.

"ஐயா என்னிக்கு எக்ஸாக்டா பேசியிருக்கார்?"

"அதுவும் சரிதான்" என்றார் பொருளாளர். எழிலரசி எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். தலைகள் எல்லாம் பஜ்ஜித் தட்டுக்குள் இருந்தன. அவளும் ஒன்றை எடுத்துக்கொண்டாள். ஆறிப்போயிருந்தது.

எல்லோரும் போனபிறகு கலாவதி தட்டுகளை அடுக்கிக்கொண்டே கேட்டார். "ஏனுங்க, ஐயா நெசமாலுமே அப்படித்தான் சொன்னாருங்களா?"

"ஸ்டோரேஜ் சாவியை எங்க வெச்சே?" என்றார் குமாரசாமி.

பொங்கலன்று அவர் எல்லோருக்கும் முன்னால் அரங்கத்துக்கு வந்தார். வேனிலிருந்து சிவப்பு சோபாவைத் தன்னந்தனியாக இறக்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உருட்டி, முதல் வரிசை நடுவில் போட்டார். வெல்வெட்டில் போன ஜூனில் விழுந்த ஷூ தடம் இருந்தது. ஈரத்துணியால் துடைத்தார். சாய்மானத்தில் ஒரு பொன்னாடையை மடிப்புக் கலையாமல் போர்த்தினார். பக்கத்தில் தனக்கு ஒரு மடக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். கொஞ்சம் நெருக்கமாக.

வந்தவர்கள் சோபாவைப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் அதைக் கடக்கும்போது செருப்புச் சத்தத்தைக் குறைத்தார். ஓடிவந்து ஏறப்போன குழந்தையை அதன் அம்மா கையைப் பிடித்து இழுத்து, "அது ஐயா சேர்" என்று அதட்டினாள்.

விழா தொடங்குமுன் எழிலரசி இரண்டு தட்டுகளோடு வந்தாள். "முதல் தட்டு தலைவருக்கு" என்று ஒன்றை நீட்டினாள்.

"முதல்ல ஐயாவுக்கு."

அவள் அவரையே பார்த்தாள். போன வருடத்து உரையை அவளைவிட அதிகமாகப் பார்த்தவர் உலகத்தில் யாரும் இல்லை. இரண்டு தட்டுகளையும் கொடுத்தாள். அவர் ஒன்றை வாங்கி, சோபாவின் முன்னால் ஒரு முக்காலியில் வைத்தார். இன்னொன்றைத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"ஆரம்பிக்கலாமா அங்கிள்?"

குமாரசாமி சோபாவின் பக்கம் லேசாகச் சாய்ந்தார். கொஞ்சம் பொறுத்தார். பிறகு தலையசைத்தார்.

எழிலரசி மேடைக்குப் போனாள். குத்துவிளக்கு ஏற்றினார்கள். எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பியிருந்தபோது குமாரசாமி முக்காலித் தட்டைக் குனிந்து பார்த்தார். சர்க்கரைப் பொங்கலில் ஒரு முந்திரிகூட இல்லை. தன் தட்டில் கிளறி, முழுசாக இருந்த இரண்டைத் தேடி எடுத்து, அதன்மேல் வைத்தார்.