நேர்காணலுக்குக் கொண்டுபோன பெட்டி

மருமகளை மேலே படிக்க வைப்பதாக நான் வாக்குக் கொடுத்தது உண்மை. மடத்துக்குளத்தில் அவள் அப்பா வீட்டில், நிச்சயத்துக்கு உப்பு சர்க்கரை மாற்றிய அன்று, இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்திருந்த சபையில் கொடுத்தேன்.

"கோமளா கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்ல நல்ல மார்க்குங்க. இன்னும் படிக்கோணும்னு ஆசைப்படறா," என்று சம்பந்தி தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"படிக்கட்டுங்க. அதுக்கு நானாச்சு," என்றேன்.

சபையில் பெண்ணைப் பெற்றவர் கேட்கும்போது வேறு என்ன சொல்ல முடியும்? கல்யாணம் ஆகிவிட்டால் அந்த ஆசை தானே அடங்கிவிடும் என்றுதான் எல்லாரையும் போல நானும் நினைத்தேன்.

நான்கு வருஷம் அவள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. திருப்பூர் முதலிபாளையத்தில் என் மகன் செல்வக்குமார் பனியன் கம்பெனி நடத்துகிறான். காலையில் சமையலை முடித்துவிட்டு அங்கே போய் ஆபீஸ் வேலை பார்ப்பாள். நான் கூடத்துக்கு வந்தால் எழுந்துவிடுவாள். நான் சொன்னதற்கு எதிர்ச்சொல் சொன்னதில்லை. இந்த வருஷம் நுழைவுத் தேர்வு எழுதி, திருச்சிப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.டெக். படிப்புக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள் என்பதே, நேர்காணலுக்கு அழைப்பு வந்த பிறகு செல்வக்குமார் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"சீட்டுக் கெடைச்சா ரெண்டு வருஷமுங்கப்பா. ஹாஸ்டல்ல தங்கோணும்."

"உனக்குச் சம்மதமா?"

"எனக்குச் சம்மதமுங்க. நீங்க சொன்னாத்தான் இன்டர்வியூவுக்கே போவேங்கிறா."

என் அக்கா பெரியாத்தாள் பக்கத்து வீடுதான். அன்று கீரை ஆய்ந்துகொண்டு எங்கள் கூடத்தில்தான் இருந்தாள். தலையைத் தூக்காமல் ஆரம்பித்தாள்.

"கட்டிக் குடுத்த பொண்ணு ஹாஸ்டல்ல போயிப் படுத்துக்குவாளாமா? புருசனோட சண்டைன்னுதான் ஊரு பேசும். ஏன்டா வெள்ளியங்கிரி, சபையில சொல்றதெல்லாம் ஒரு மரியாதைக்குச் சொல்றது. அதைப் போயி நெசம்னு எடுத்துக்குவாங்களா?"

"சொன்னது சொன்னதுதானக்கா. இன்டர்வியூவுக்கு நானே கூட்டிட்டுப் போறேன்," என்றேன்.

அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை. அழைத்துக்கொண்டு போய் நிறுத்திவிட்டால் என் வாக்கு நிறைவேறிவிடும். சீட்டுக் கொடுப்பதும் மறுப்பதும் அவர்கள் பாடு. நான்கு வருஷமாகப் பாடப் புத்தகம் தொடாத பெண்ணுக்கு எங்கே கிடைக்கப் போகிறது? ஊர் வாயும் அடங்கும், என் சொல்லும் நிற்கும்.

ஆனால் போகிற இடத்துக்கு வெறுங்கையோடு போகும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. சீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் வந்தால் அவர்கள் தங்கும் அறையில் ஒரு பெட்டி துணி வைத்துவிட்டு வருவோம்; இதுவும் அப்படித்தான். சாம்பிள் டெய்லரைக் கூப்பிட்டு, ஏற்றுமதித் துணியில் காலர் டி-ஷர்ட் தைக்கச் சொன்னேன். நெஞ்சில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரை எம்பிராய்டரி போட வைத்தேன். ஆசிரியர்களின் அளவு தெரியாததால் ஒல்லிக்கும் பருமனுக்குமாக எல்லா அளவிலும் தைத்து அட்டைப் பெட்டியில் அடுக்கினோம்.

வெள்ளக்கோவிலில் டீ குடிக்க வண்டியை நிறுத்தினோம். தண்ணீர் பாட்டில் எடுக்க டிரைவர் தரணி டிக்கியைத் திறந்தபோது கோமளா பெட்டியைப் பார்த்துவிட்டாள். பக்கத்தில் போய் ஒரு டி-ஷர்ட்டை விரித்துப் பார்த்தாள். மறுபடி மடித்து வைத்தாள்.

"மாமா," என்றாள். "இதை அங்க குடுக்க வேண்டாமுங்க."

"ஏனம்மிணி?"

"தப்பா நெனைச்சுக்குவாங்க."

"துணி குடுத்தாத் தப்பா நெனைப்பாங்களா? இதென்ன லஞ்சமா?"

அவள் டிக்கியை மெல்லச் சாத்தினாள். எனக்கு முதல்முதலாக வேண்டாம் என்று சொன்ன பெண், அதை இரண்டாம் முறை சொல்லத் துணியவில்லை. நானும் டீயைக் குடித்துவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.

பல்கலைக்கழகத்தில் வராந்தா முழுக்கப் பிள்ளைகளும் பெற்றவர்களும். எல்லாரும் கோமளாவை விட நாலைந்து வயது சின்னவர்கள். அவள் பெயரைக் கூப்பிட்டதும் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். கதவு சாத்தியதும் தரணியிடம் பெட்டியை எடுத்து வரச் சொல்லி, அங்கிருந்த ஊழியரிடம் கொடுத்தேன்.

"துறைத் தலைவர் மேடத்தோட ரூம்ல வெச்சிருங்க. போகும்போது எடுத்துக்கட்டும்."

அவர் எந்த ரூம் என்று கேட்கவில்லை. நேராக நேர்காணல் நடக்கும் அறைக்குள்ளேயே தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

சற்று நேரத்தில் கதவு திறந்தது. துறைத் தலைவர் அம்மாள் முன்னால் வந்தார். பின்னால் பெட்டியோடு ஊழியர். அவருக்கும் பின்னால் கோமளா.

"இது யார் குடுத்து அனுப்பினது?"

வராந்தாவில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "திருப்பூர் பார்ட்டி போலிருக்கு," என்று யாரோ சிரித்தார்கள். நான் எழுந்து நின்றேன்.

"நானுங்க."

"எதுக்குங்க?"

"ஒருத்தரைப் பாக்கப் போனா வெறுங்கையோட போறது எங்க ஊட்டுல வழக்கமில்லீங்க."

"இது வீடு இல்லைங்க, அட்மிஷன் நடக்கற இடம். இதுக்காகவே உங்க பொண்ணை வெளிய அனுப்பலாம், தெரியுமா?"

எழுபது வயதில் இத்தனை பேர் முன்னால் ஒருவர் என்னைக் கேள்வி கேட்டு நான் நின்றதில்லை. வேண்டாம் என்று சொன்னேனே என்று கோமளா ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் தப்பிவிடுவாள். அவள் ஊழியரைத் தாண்டி வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"எங்க மாமாங்க, மேடம். அவரு கொண்டு வந்தது மரியாதைக்குங்க. அனுப்பறதுன்னா என்னை அனுப்பிச்சிருங்க. இத்தனை பேர் முன்னால அவரை நிக்க வெச்சுக் கேக்க வேண்டாமுங்க."

நிறுத்தாமல் சொல்லி முடித்தாள். நான் ஓரடி முன்னால் வந்தேன்.

"புள்ளை வேண்டாம்னுதான் சொல்லுச்சுங்க. நாந்தான் கேக்கலை. அதை ஒண்ணும் சொல்லிப்போடாதீங்க," என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

அந்த அம்மாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பெட்டியை வண்டியிலேயே வைத்துவிடும்படி ஊழியரிடம் சொன்னார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு கோமளாவிடம் பேசினார்.

"கேட்டதுக்கெல்லாம் நல்லாத்தான் பதில் சொன்னீங்க. ஒண்ணுக்கு மட்டும் பேசாம இருந்துட்டீங்க. போன வருஷம் கல்யாணமான பொண்ணு ஒண்ணு சேர்ந்துச்சு. ரெண்டாம் மாசம் வீட்டுல வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க. சீட்டு வீணாப்போச்சு. நீங்க சேர்ந்தா முடிப்பீங்களா?"

கோமளா தரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அனுமதி கேட்கும் பார்வை அல்ல அது. இன்னொரு சங்கடத்தில் என்னை மாட்டிவிட்டோமே என்று பயந்த பார்வை. முடிப்பேன் என்று சும்மா சொல்லிவிட்டு உள்ளே போயிருக்கலாம். நான் கொடுக்காத வாக்கை என் வீட்டின் பேரில் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. நான்கு வருஷமாக என் சோற்றுக்கு உப்பு எவ்வளவு என்று அறிந்து போடுகிறவளுக்கு, இந்த ஒரு விஷயத்தில் என் மனம் தெரியவில்லை. நான் தெரியவிடவில்லை.

"முடிப்பாளுங்க," என்றேன். "நோம்பி, பண்டிகைக்கு வரட்டும், போகட்டும். மத்தபடி நாங்க வந்து பாத்துக்கறோம். நடுவுல நான் கூட்டிட்டுப் போகமாட்டேனுங்க."

"நீங்க சொன்னது சந்தோஷங்க. ஆனா நான் கேட்டது அவங்களை."

கோமளா நிமிர்ந்தாள். இந்த முறை என் பக்கம் திரும்பவில்லை.

"முடிப்பேனுங்க, மேடம்."

"உள்ள வாங்க. இன்னும் ரெண்டு கேள்வி இருக்கு."

திரும்பி வரும்போது கரூர் தாண்டியதும் அக்கா போனில் கூப்பிட்டாள். எனக்கு ஸ்பீக்கரில் போட்டுப் பேசத்தான் தெரியும்.

"என்னடா, முடிஞ்சுதா? புள்ளையக் கூட்டிட்டு வந்துருவீல்ல?"

"இன்னைக்குக் கூட்டிட்டு வர்றேன். காலேஜு தெறந்தாக் கொண்டு போயி உடறதும் நாந்தான்."

"ஊருல கேட்டா என்னன்னுடா சொல்றது?"

"வெள்ளியங்கிரி மருமவ எம்.டெக்கு படிக்கறான்னு சொல்லு. கேக்காட்டியும் சொல்லு."

அக்கா போனை வைத்துவிட்டாள். தரணி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓட்டினான். பின் சீட்டிலிருந்து மெல்லக் குரல் வந்தது.

"மாமா, சீட்டு வந்துச்சான்னு இன்னும் சொல்லலீங்களே."

"வரும்."

"வராட்டிங்க?"

"வராட்டி அடுத்த வருஷம் வேற காலேஜு. எத்தனை ஊரு கெடக்குது." சிறிது தூரம் போனதும் கேட்டேன். "ஆமா, அப்படி என்னதான் கேட்டாங்க உள்ள?"

அவள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள். கம்ப்யூட்டர் கணக்கில் ஒரு மரம் என்றாள், வேர் மேலேயும் கிளை கீழேயும் இருக்குமாம். ஒரு கிளையிலிருந்து இன்னொன்றுக்குக் குறுக்குவழி கண்டுபிடிப்பது எப்படி என்று கேட்டார்களாம். எனக்குப் பாதி புரியவில்லை. மீதியும் புரியவில்லை. காங்கேயம் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள்.