அழையாத பதினான்காம் பெயர்

கீழ்வானம் மெல்ல வெளுத்துக்கொண்டிருந்தது. உப்புப்புதர்கள் படர்ந்த பெருஞ்சமவெளி தன் எல்லை இன்னதென்று தோன்றாதவாறு வெண்பனி போர்த்துக் கிடக்க, கூலமின் ஓடைக்கரைத் தைலமரங்கள் வேரின்றி மிதப்பனபோல் நிற்க, இளஞ்சிவப்புக் கொண்டைக்கிளிகள் கூட்டமாய் எழுந்து, வட்டமிட்டு, மீண்டும் பனிக்குள்ளேயே மறைந்தன. அப்பனியை விலக்கிக்கொண்டு, பதினான்கு குதிரைகள் இரண்டிரண்டாய், கம்பளிப் பொதிகள் குவிந்த பெருவண்டியை இழுத்து வந்த காட்சியைக் கண்டிருந்தால், அன்பரே, அது மண்மேல் நிகழ்கிறதா உறக்கத்துள் நிகழ்கிறதா என்று நீரும் ஐயுற்றிருப்பீர்.

திரெவின் குடியினர் மூன்று தலைமுறையாகக் குதிரைப் பெருவண்டி ஓட்டுவோர். கடிவாளமும் சாட்டையும் அவர்க்கு வேண்டா. வண்டியின் இடப்புறம் நடந்தவாறே குரலால் ஓட்டுவர். தன் பெயர் ஒலித்தால் அந்தக் குதிரை தோள்கொடுக்கும். அக்குடியில் ஒருவர் இறந்தால் அடுத்துப் பிறக்கும் குட்டிக்கு அவர் பெயரை இடுவது வழக்கம். ஆதலின் கடல்கடந்து வந்த பாஸ்கோ முன்னே நடந்தார். காய்ச்சலில் மாண்ட ஜென்னா அவருக்கு இணையாய் நடந்தாள். பின்னால் சிற்றப்பன்மார், அத்தைமார் எல்லாரும் மூச்சிரைக்க நடந்தனர்.

"பாஸ்கோ தாத்தாவைப் பாருங்கப்பா, நடக்கறதுக்கே மூக்கால அழறாரு. உயிரோட இருந்தப்பவும் இப்படித்தானாமே, சாப்பாட்டுக்கு முன்னாடி, வேலைக்குப் பின்னாடி!" என்று உணவும் தீனியும் ஏற்றிய சிறுவண்டியை ஓட்டிவந்த மகள் கெசியா நகைத்தாள்.

"வாயை மூடுடி. தாத்தாவுக்குக் காது கேக்கும்" என்றார் பெருவண்டியோடு நடந்துவந்த தந்தை அப்சலோம். அவருக்கும் சிரிப்பு வந்தது.

ஒரே ஒரு பெயரை மட்டும் அவர் உரைப்பதில்லை. கடைசி இணையில், சக்கரத்தை அடுத்து நடந்த கரிய குதிரையின் பெயர் ஜோரி. ஐந்தாண்டுகட்கு முன், பத்தொன்பதாம் வயதில், இதே வண்டியின் சக்கரத்தில் அகப்பட்டு மாண்ட மகனின் பெயர் அது. கெசியா தீனி வைக்கும்போதெல்லாம் அப்பெயர் சொல்லியே அழைப்பாள். தந்தையோ, "ஏய், கறுப்பா" என்பதோடு சரி. அப்பெயரால் தானும் குதிரையை அழைத்துவிட்டால் மகன் மெய்யாகவே இறந்துவிடுவான் என்று அந்தப் பேதை நெஞ்சம் அஞ்சியது. சமவழியில் கரியதும் மற்றவற்றோடு ஒத்து நடந்தமையால் அதுவரை ஒரு குறையும் நேரவில்லை.

கெசியாவின் சிறுவண்டி முந்திச் சென்று மறுகரை ஏறிற்று. பெருவண்டி ஓடை நடுவை அடைந்தபோது பின்சக்கரங்கள் சேற்றில் புதைந்தன. மேற்கே எங்கோ பெய்த மழை, சந்தடியின்றி வந்து குதிரைகளின் முழங்காலைத் தொட்டது. சிறிது நேரத்தில் வயிற்றைத் தொட்டது. சங்கிலிகளின் பூட்டுகள் நீருக்கடியில் மறைந்துபோயின. இனி அவற்றை அவிழ்த்துவிட்டு உயிர்களையேனும் காப்போம் என்பதற்கும் வழியில்லை.

அப்சலோம் இடுப்பளவு நீரில் நின்று பதின்மூன்று பெயர்களையும் அழைத்தார். பதின்மூன்று தோள்களும் சாய்ந்தன. கரியது மட்டும் செவிகளை அவர்பக்கம் திருப்பியவாறே நின்றது. இரண்டாம் முறையும் அவ்வாறே ஆயிற்று. மும்முறை இழுத்தும் அசையாத வண்டியை நான்காம் முறை எந்தக் குதிரையும் நம்பாது என்பதை அவர் அறிவார்.

"அப்பா, அவன் பேரைச் சொல்லுங்க!"

"நீயே கூப்பிடுடி. உன் குரல்தான் அவனுக்குப் பழக்கம்."

"நல்லா இருக்கே! ரெண்டு குரல் கேட்டா எல்லாமே குழம்பி நின்னுடும்னு நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க? தண்ணி ஏறுதுப்பா. உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன்."

"என்னால முடியலைடி, கெசியா."

"செத்தவனை நினைச்சு இவனையும் சாகவிடப் போறீங்களா?"

முதியவர் கண்களை இறுக மூடினார். பாஸ்கோ முதலாகப் பதின்மூன்று பெயர்களையும் ஒன்றன்பின் ஒன்றாய் அழைத்து, மூச்சை உள்ளிழுத்து, "ஜோரி!" என்று கூவினார். அக்குரலில் அதட்டல் இல்லை. பந்திக்குப் பிந்தும் பிள்ளையைத் தந்தை வாசலில் நின்று அழைப்பது போலிருந்தது. கரியது நெஞ்சு நீரில் அமிழக் குனிந்து, முழுவலிமையோடும் சாய்ந்தது. சங்கிலிகள் விறைக்க, சேறு விம்மி விடுவிக்க, வண்டி அசைந்து, நகர்ந்து, நீர்சொட்டக் கரையேறியது.

பிற குதிரைகள் நின்றுவிட்டன. அப்சலோமோ கரியதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, ஐந்தாண்டுகள் அடைத்துவைத்ததையெல்லாம் அன்றே தீர்ப்பவர்போல், "ஜோரி, ஜோரி, என் ராசா ஜோரி" என்று ஓயாது அழைத்து அழுதார். கெசியாவும் அழுதாள். பின்னர்தான் அவள் குதிரையின் கால்களை நோக்கினாள். ஓடிவந்து தந்தையின் தோளைப் பற்றினாள்.

"போதும்ப்பா, நிறுத்துங்க. நீங்க கூப்பிடக் கூப்பிட அவன் இன்னும் இழுத்துக்கிட்டே இருக்கான், பாருங்க."

குளம்புகள் கரைமண்ணில் புதைய, உடல் நடுங்க, அவ்வுயிர் தன்னந்தனியே அம்மலைப்பாரத்தை இழுக்க முயன்றுகொண்டிருந்தது. அப்சலோம் வாயைப் பொத்திக்கொண்டார். அழைத்த குரல் அடங்கிய பின்னரே அது தோளைத் தளர்த்திப் பெருமூச்செறிந்து நின்றது. நம்மை விட்டகன்றோரை ஒருபொழுது இளைப்பாற விடுதலும் அன்பின் கடனேயன்றோ.