இடம் மாறிய துண்டு

ஜெயக்கொடியைத்தான் முதலில் உட்காரச் சொன்னேன். ரத்தம் எடுக்கிற பெண் நாற்காலியைக் காட்டி "யாரு முதல்ல?" என்று கேட்டபோது என் மனைவியின் பக்கம் கையை நீட்டினேன். குறை எங்கிருந்து வந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நாற்பது வருடமாக இருந்ததில்லை. எங்கள் பக்கம் சுத்தம் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளத்தான் நானும் ரத்தம் கொடுக்கச் சம்மதித்தேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஊசி ஏறும்போது முகத்தைத் திருப்பவில்லை. ஊசிக்குப் பழகின கை அது.

என் முறை வந்தது. சட்டைக் கையை மடித்து விட்டேன். பச்சை மூடி போட்ட குழாயில் ரத்தம் நிறைந்தது. அந்தப் பெண் அதை மெதுவாகக் கவிழ்த்தும் நிமிர்த்தியும் ஆட்டினாள்.

"இது உயிரோட போகணும் தாத்தா. சாயங்காலத்துக்குள்ள லேபுக்குப் போயிரணும். அங்க மூணு நாள் வளப்பாங்க."

"ரத்தத்தை வளக்கிறதா? நெல்லு நாத்தா அது?"

"கிட்டத்தட்ட அப்படித்தான்" என்று சிரித்தாள். "ரத்தத்துல இருக்குற செல்லு ஒண்ணு ரெண்டாப் பிரியும்ல? அந்த நேரம் பாத்து ஒரு மருந்தை விட்டு அப்படியே நிறுத்திருவாங்க. மத்த நேரத்துல உள்ள இருக்குறது சிக்கு விழுந்த நூலு மாதிரி கிடக்கும். ஒண்ணும் தெரியாது. பிரியுறப்பத்தான் தனித்தனியாத் தெரியும்."

விளக்கம் எனக்குப் புரிந்தது. அவள் என்னைத் தாத்தா என்று கூப்பிட்டதுதான் பிடிக்கவில்லை. எங்கள் வீட்டில் அப்படிக் கூப்பிட யாரும் இல்லை.

அந்த நாற்காலிக்கு நாங்கள் ஏன் வந்தோம் என்பதைச் சொல்ல வேண்டும். எனக்கு ஒரே மகன், ராம்கி. பத்து வருடத்துக்கு முன்னால் திருமங்கலத்துக்குத் தெற்கே ஒரு ஊரிலிருந்து ரோகிணியைக் கட்டி வைத்தேன். நல்ல குடும்பம் என்று நானே பார்த்து முடித்தது. நான்கு வருடத்தில் மூன்று கரு கலைந்தது. மூன்றாவது கலைந்த பிறகு நான் பொறுக்கவில்லை. அவள் ஊர் மந்தையில், கோயிலுக்கு முன்னால் சபை கூட்டினோம். இரண்டு பக்கமும் சேர்த்து முப்பது பேருக்குக் குறையாது. நான் எழுந்து நின்று பேசினேன். பதினாறு வருடம் கூட்டுறவுச் சங்கத் தலைவராக இருந்தவன், சபையில் எப்படிப் பேச வேண்டும் என்று எனக்குத் தெரியும். குரலை உயர்த்தவில்லை. "பொண்ணு நல்ல பொண்ணுதான். ஆனா அந்த வயித்துல கரு தங்காது. எங்க வம்சம் நிக்கணும். அத்துவிட்டுருங்க" என்றேன். அவளுடைய அப்பா சோணை தலை நிமிரவில்லை. சீராக வந்த பண்டபாத்திரம் முழுவதையும் மறுநாளே வண்டி ஏற்றி அனுப்பினேன், ஒரு கரண்டி குறையாமல். அது எங்கள் மரியாதை. சோணை அடுத்த வருடம் இறந்தபோது நான் போகவில்லை. போகிற முறை இல்லை.

அப்புறம் திவ்யா வந்தாள். இப்போது அவளுக்கும் இரண்டு கலைந்துவிட்டது. இந்த முறை தல்லாகுளத்துப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் ரூத் என்ற பெண் மருத்துவரிடம் காட்டினார்கள். அவர் திவ்யாவை மட்டும் சோதிக்காமல் ராம்கிக்கும் ரத்தம் எடுத்தார். திவ்யாவிடம் குறை ஒன்றும் இல்லை. ராம்கியிடம் இருந்தது. இது பெற்றவர்கள் யாரிடமிருந்தாவது வந்திருக்கலாம், இருவரும் வாருங்கள் என்றார். எனக்கு உடனே விளங்கிவிட்டது. ராம்கி பிறப்பதற்கு முன் ஜெயக்கொடிக்கு நான்கு போயிருந்தது. என் அம்மா உயிரோடு இருந்தவரை அவளை எந்தப் பிள்ளைத்தாய்ச்சியின் வளைகாப்பிலும் முன்னால் நிற்க விட்டதில்லை. நான் அதைத் தடுத்ததும் இல்லை.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. ராம்கிக்கு வேலை இருந்தது. நாங்கள் இருவரும் மட்டும் போனோம். டாக்டர் ரூத் மேசையில் ஒரு படத்தை வைத்தார். வெள்ளைத் தாளில் சின்னச் சின்னக் கறுப்புப் புழுக்கள், இரண்டிரண்டாக, பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையில் நின்றன. கல்யாண வீட்டில் சொந்தக்காரர்களை உயரம் பார்த்து நிறுத்தி எடுத்த போட்டோ போலிருந்தது. மொத்தம் நாற்பத்தாறு. ஒவ்வொன்றின் உடம்பிலும் பட்டை பட்டையாகக் கோடு.

"இது ஒரே ஒரு செல்லுக்குள்ள இருக்குற குரோமோசோம்கள் ஐயா. உங்க உடம்புல இருக்குற எல்லாச் செல்லுலயும் இதேதான். இந்த நாலாவது ஜோடியப் பாருங்க. ஒண்ணு நீளம், ஒண்ணு குட்டை. பதினொண்ணாவதுலயும் அதே மாதிரி. அதோட துண்டு இதுல ஒட்டியிருக்கு, இதோட துண்டு அதுல போய் ஒட்டியிருக்கு."

"இது யாரோட படம்?"

"உங்களோடது ஐயா. அம்மாவோடது சரியா இருக்கு."

நான் படத்தின் கீழே எழுதியிருந்த பெயரைப் படித்தேன். சிவனாண்டி, ஆண், 71. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தேன்.

"எனக்கு இதுவரைக்கும் தலைவலிகூட வந்ததில்ல" என்றேன்.

"வராது. உங்ககிட்ட எதுவும் குறையல, எதுவும் கூடல. இடம் மட்டும்தான் மாறியிருக்கு. ஆனா பிள்ளைக்குக் கொடுக்குறதுக்கு உடம்பு ஒரு செல்லைப் பிரிக்கும்போது, ஒவ்வொரு ஜோடியிலயும் பாதியைத்தான் அனுப்பும். அந்தப் பாதியில மாறுனது ஒண்ணும் மாறாதது ஒண்ணுமாப் போயிட்டா, கருவுக்கு ஒரு துண்டு கூடிரும், ஒரு துண்டு குறைஞ்சிரும். அது வளராது. எல்லாத் தடவையும் அப்படி ஆகாது. ராம்கி பிறந்திருக்காரே. உங்கள்ட்ட இருந்த மாதிரியே ரெண்டும் சேர்ந்து அவருக்குப் போயிருச்சு. இது யாரோட தப்பும் இல்ல."

யாருடைய தப்பும் இல்லை என்று அவர் இரண்டு முறை சொன்னார். எல்லோருக்கும் சொல்கிற வார்த்தை என்று தெரிந்தது. எனக்கு என் அப்பாவின் மூத்த தாரம் நினைவுக்கு வந்தாள். அவளுக்கு ஏழு தங்கவில்லை என்றுதான் அப்பா என் அம்மாவைக் கட்டினார். மூத்தவள் சாகும்வரை மாட்டுக்கொட்டத்தை ஒட்டிய அறையில் இருந்தாள். நான் சின்னப் பிள்ளையாக அந்தப் பக்கம் ஓடினால், என்னைத் தொட்டுவிடாமல் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாள். அவளுக்கு அப்படி நிற்கும்படி உத்தரவு. என் அம்மாவுக்கும் எனக்கு முன்னால் இரண்டு போனது. அதை யாரும் எண்ணவில்லை, நான் பிறந்துவிட்டதால்.

ஆட்டோவில் ஆனையூர் வீட்டுக்கு வந்ததும் ஜெயக்கொடி எனக்குச் சோறு போட்டாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை நின்றாள். தட்டை எடுக்கக் குனிந்தவள் அப்படியே நின்று பேசினாள்.

"எங்கம்மா கோயில் கோயிலா முட்டி போட்டு நடந்துச்சு. முழங்கால்ல தோலு இருக்காது. சாகும்போதுகூட ஏங் கையப் புடிச்சுக்கிட்டு, ‘ஏங் கருமந்தான்டி உன்னையப் புடிச்சிருச்சு’ன்னுச்சு."

நான் கையைக் கழுவாமல் உட்கார்ந்திருந்தேன்.

"அது போய்ச் சேந்துருச்சு. இனி அதுக்குச் சொல்ல முடியாது" என்றாள். "ரோகிணிக்கு யாரு சொல்றது?"

ராம்கி இரவு வந்தான். படத்தைப் பார்த்தான். "இது வீட்டோட இருக்கட்டும்ப்பா" என்றான். "வெளிய தெரிஞ்சா திவ்யா வீட்டுல என்ன சொல்வாங்க? உங்களத்தான் கேவலமாப் பேசுவாங்க." என்மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னான். திவ்யா அடுப்படிக் கதவோரம் நின்று என் முகத்தையே பார்த்தாள். அந்தப் பெண் என்னைப் பார்த்துப் பயப்படுகிறாள் என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

இரண்டு நாள் யோசித்தேன். எங்கள் குடும்பத்துக்கு நிலம் அதிகம் இருந்ததில்லை. சபையில் சொன்ன சொல் நிற்கும் என்கிற பெயர்தான் இருந்தது. அந்தப் பெயரோடுதான் நான் ஊர் ஊராகப் போய்ப் பஞ்சாயத்துப் பேசினேன். இப்போது என் பெயரில் ஒரு பொய் ஒரு ஊரில் கிடக்கிறது. தெரியாமல் சொன்னதுதான். தெரிந்த பிறகும் கிடக்க விட்டால் அது தெரிந்தே சொன்னதாகிவிடும். மூன்றாம் நாள் காலையில் வெள்ளை வேட்டி, சட்டை போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரி உறையை எடுத்துக்கொண்டு பெரியார் நிலையத்தில் திருமங்கலம் பஸ் ஏறினேன். ராம்கியிடம் சொல்லவில்லை. ஜெயக்கொடி கேட்டில் நின்று, "தண்ணி பாட்டில எடுத்துக்கிட்டீகளா?" என்று மட்டும் கேட்டாள்.

ரோகிணி வீட்டு வாசலில் அவள் அம்மா ஒச்சாயி மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். "வாங்க" என்றாள். முன்பெல்லாம் "வாங்கண்ணே" என்பாள். நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள், வீட்டுக்கு வந்தவனுக்குச் செய்ய வேண்டியதில் குறை வைக்கவில்லை. ரோகிணி உள்ளேயிருந்து வந்தாள். பக்கத்து ஊர்ப் பால்வாடியில் வேலையாம், கிளம்பிக்கொண்டிருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. முப்பத்திரண்டு வயதுதான் இருக்கும்.

எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் கோர்த்து வைத்திருந்தது எதுவும் வாயில் வரவில்லை. உறையை நீட்டினேன். டாக்டர் சொன்னதை எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். நாலாவது, பதினொன்றாவது, துண்டு, பாதி. "அது எங்க பக்கத்துல இருந்து வந்தது. எங்கிட்ட இருந்து" என்று முடித்தேன்.

ரோகிணி படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். மடிப்புக் கலையாமல் உறைக்குள் திருப்பி வைத்தாள்.

"இப்ப இருக்குறவங்களுக்கு எத்தனை போச்சு?"

"ரெண்டு."

"அவங்கள அனுப்பிறாதீங்க" என்றாள்.

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். தெரு முனையில் அவள் சேலையின் பச்சை மறைகிற வரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு வருடத்துக்கு முன் அவளை வண்டி ஏற்றி அனுப்பியபோது நான் வாசலுக்கு வரவில்லை.

ஒச்சாயி மறுபடி மொச்சைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். நான் எழுந்து, "அப்ப நான் வாரேன் தங்கச்சி. மனசுல எதையும் வச்சுக்காத" என்றேன்.

"போன தையில ஒரு இடம் வந்துச்சு" என்றாள் அவள், தலை நிமிராமல். "மாப்ளைக்கும் ரெண்டாங் கலியாணம். தெரு முக்கு வரைக்கும் வந்தாக. டீக்கடையில விசாரிச்சாக. அப்புடியே வண்டியத் திருப்பிட்டுப் போயிட்டாக. எட்டுமணிக்கு வச்ச கேசரி சாயங்காலம் வரைக்கும் சட்டியிலயே கெடந்துச்சு."

"நான்தான் இப்ப வந்து சொல்லிட்டேனே ஆத்தா."

அப்போதுதான் அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

"அன்னைக்கு முப்பது பேரு முன்னாடி எந்திரிச்சு நின்னு சொன்னீக. இன்னைக்கு மொச்சை உரிக்கிற பொம்பளைகிட்ட வந்து சொல்றீக. நான் போயி யாருகிட்டண்ணே சொல்லட்டும்? நான் சொன்னா எவன் நம்புவான்?"

அண்ணே என்றாள். அது தானாக வந்ததா, வேண்டுமென்று சொன்னாளா தெரியவில்லை. நான் தெருவில் இறங்கினேன். வலது பக்கம் போனால் பஸ் நிறுத்தம். பத்தரை மணி பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. இடது பக்கம் மந்தை. எந்தப் பக்கமும் கால் எடுபடாமல் நின்றேன். என்னிடம் பஞ்சாயத்துக்கு வந்து நின்றவர்கள் ஒவ்வொருவரும் இப்படித்தான் நின்றிருப்பார்கள் போலும். நான் உட்கார்ந்துகொண்டே பார்த்ததால் கால் தெரியவில்லை.

இடது பக்கம் திரும்பினேன்.

கோயிலுக்கு முன்னால் தகரப் பந்தலில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். நடுவில் தங்கப்பாண்டி. அன்றைக்குச் சபையை நடத்தியவர் அவர்தான். என்னைத் தூரத்திலேயே அடையாளம் கண்டு எழுந்தார். மற்றவர்களும் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு எழுந்தார்கள். ஒருவர் எனக்காகத் துண்டால் சிமெண்டுத் திண்டைத் தட்டினார்.

"வாங்க மச்சான்! பாதை தெரியுதா இன்னும்? ஏப்பா, ஒரு டீ சொல்லு" என்று சத்தம் போட்டுச் சிரித்தார் தங்கப்பாண்டி. அவர் பார்வை என் கையில் இருந்த உறையில் நின்றது. முகம் முழுக்க மலர்ந்துவிட்டது. "அட, அப்புடிச் சொல்லுங்க! பேரனுக்குக் காதுகுத்தா? தாய்மாமன் சீரெல்லாம் பலமா? பழசையெல்லாம் மனசுல வைக்காம எங்க ஊருக்கும் பத்திரிகை கொண்டாந்தீகளே, அதுதான் பெரிய மனுசன்."

நான் உட்காரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டேன். தங்கப்பாண்டி தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, வெற்றிலை ஈரம் போக விரல்களை வேட்டியில் துடைத்தார். முறைப்படி இரண்டு கைகளையும் சேர்த்து என் முன்னால் நீட்டினார். பந்தலில் இருந்தவர்கள் எல்லோரும் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.