மங்கம்மாளின் மர ஊமத்தை

அந்தச் செடியை மங்கம்மாள் என் கையில் கொடுக்கவில்லை. என் பக்கத்தில் நின்ற என் புருஷன் கையில் கொடுத்தாள்.

“அண்ணா, நாங்க குடகுக்குப் போறோம். மெளகு எடுத்து முடிச்சிட்டு பங்குனியிலதான் வருவோம். அதுவரைக்கும் இத பாத்துக்கச் சொல்லு” என்றாள்.

யாரிடம் சொல்ல என்று அவள் சொல்லவில்லை. வீட்டில் இருப்பதே நாங்கள் ரெண்டு பேர். என் புருஷன் ராஜ்குமார் விடிந்ததும் ஷேர் ஜீப்பைக் கிளப்பிக்கொண்டு போகிறவர். அப்புறம் செடியை யார் பார்ப்பது, அடுப்படிப் பூனையா? என்னைத்தான் சொன்னாள். மூன்று வருஷமாக என்னோடு பேசாத என் நாத்தனார் எனக்கு ஒரு வேலை சொல்லியிருக்கிறாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

சண்டைக்குக் காரணம் நான்தான். அவள் மகள் காதுகுத்தில், பந்தி நடுவில், நாலு பேர் கேட்க, “எஸ்டேட்ல மெளகு பொறுக்கிட்டு வந்து இங்க பட்டு கட்டிக்கினு நிக்கிறா பாரு” என்று சொல்லிவிட்டேன். தமாஷுக்குத்தான் சொன்னேன். பத்துப் பேர் சிரித்தார்கள், அவள் சிரிக்கவில்லை. நானும் போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. சின்னவளிடம் போய் இறங்குவதா என்ற கொழுப்பு.

செடி குடகிலிருந்து வந்தது. அவள் வேலை செய்த தோட்டத்து வேலியிலிருந்து ஒரு குச்சியை ஒடித்து வந்து, இருபது லிட்டர் பெயிண்ட் பக்கெட்டில் நட்டு, என் நெஞ்சு உயரத்துக்கு வளர்த்திருந்தாள். மர ஊமத்தை என்பாள். சாதாரண ஊமத்தம்பூ வானம் பார்க்கும், இது தரை பார்த்துத் தொங்கும். முழ நீளத்தில் வெளிர் மஞ்சளாகப் பத்தொன்பது பூ. சாயங்காலம் ஆனால் தெருவே மணக்கும். ஆனால் அத்தனையும் விஷம். “ஆடு கடிச்சா ஆடு பூடும். தொட்டா கை கழுவச் சொல்லு” என்று அதையும் அண்ணனிடமே சொல்லிவிட்டுப் போனாள்.

இப்போது என் புத்தியைக் கேளுங்கள். வீட்டுக்குப் பின்னால் பலா மரத்து நிழல் இருக்கிறது. அங்கே வைத்திருக்கலாம். வைத்தால் யார் பார்ப்பார்கள்? மங்கம்மாள் செடியை என்னிடம் விட்டுப்போனது எங்கள் நெல்லிவாசல்நாட்டு மலை முழுக்கத் தெரிய வேண்டாமா? எங்கள் வாசலுக்கு எதிரே ரோட்டோரம், ஜனங்கள் ஜீப்புக்குக் காத்திருக்கும் இடத்தில், ஆடு எட்டாதபடி ஒரு பாறைமேல் ஏற்றி வைத்தேன். கேட்டவருக்கும் கேட்காதவருக்கும், “எங்க நாத்தனாது. என்கிட்டதான் குடுத்துட்டுப் போயிருக்குது” என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வாரம் செடி தலையைத் தொங்கப்போட்டது. முதலில் மத்தியானம் மட்டும் வாடி, சாயங்காலம் நிமிர்ந்தது. அப்புறம் சாயங்காலமும் நிமிரவில்லை. இலை மஞ்சளாகி, பூவெல்லாம் கொட்டிப்போனது. காலையில் ஒரு குடம், மாலையில் ஒரு குடம் ஊற்றினேன். கண் பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போட்டேன். அப்போதும் அது துவண்டுதான் நின்றது.

செடி செத்தால் மங்கம்மாள் என்ன நினைப்பாள்? வேண்டுமென்றே சாகடித்தாள் என்றுதான் நினைப்பாள். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன். அதன்பிறகு இந்த ஜென்மத்தில் பேச்சு கிடையாது.

“இதுக்குப் போய் இன்னாத்துக்கு இப்படி ஒடிஞ்சி போற? ஒடுகத்தூர்ல நர்சரி இருக்குது. இதே மாரி ஒண்ணு வாங்கியாந்து வெச்சுடலாம்” என்றார் என் புருஷன். மறுநாள் வாங்கியும் வந்தார். அதில் ஊதா நிறத்தில் ஒரு பூ, வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நின்றது.

“இன்னாங்க இது?”

“ஊமத்தைனு கேட்டேன், குடுத்தான்.”

“பூ மேல பாக்குதுங்க. உங்க தங்கச்சிக்குக் கண்ணு அவிஞ்சா பூடுச்சி?”

அவர் செடியை ஒரு தரம் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஜீப்பைக் கழுவப் போய்விட்டார்.

மாசியில் உலுக்கிய புளி வீடு வந்து சேர்ந்தது. அன்று நான் வழக்கம்போல் கொல்லைக்காட்டு வேலைக்குப் போகாமல் வாசலில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தேன். செடி வந்தபிறகு பகல் முழுக்க நான் வாசலில் இருந்தது அன்றுதான். பத்து மணிக்கு வேடியப்பன் மாமா ஜீப்புக்கு வந்து நின்றார். செடியைப் பார்த்து, ப்ச் என்று உச்சுக்கொட்டி, கையிலிருந்த பாட்டில் தண்ணீரை அதன் வேரில் ஊற்றினார். பின்னாலேயே வந்த பொம்பளைகள் ரெண்டு பேர், ஆளுக்கு ஒரு பாட்டில். பள்ளிக்கூடத்து டீச்சர் ஒரு பாட்டில். ஒருத்தர் டிபன் பாக்ஸையே அதில் கழுவிவிட்டார். பன்னிரண்டு மணி ஜீப் போவதற்குள் பதினோரு பேர்.

எங்கள் மலையில் தண்ணீரைச் சும்மா மண்ணில் கொட்டமாட்டார்கள். ஊற்றிலிருந்து தலையில் சுமந்து ஏறிய பழக்கம், வீட்டு வாசலுக்குப் பைப் வந்தும் போகவில்லை. ஜீப் ஏறுமுன் பாட்டிலில் மிச்சம் இருந்தால், ஏதாவது செடிக்கு ஊற்றிவிட்டுத்தான் ஏறுவார்கள். அங்கே இருந்த ஒரே செடி இது. அதுவும் வாடி நிற்கிற செடி. யாருக்குத்தான் மனசு வராது?

சாயங்காலம் இறங்கி வந்த வேடியப்பன் மாமாவைப் பிடித்துக்கொண்டேன்.

“மாமா, அந்தச் செடிக்கு இனிமே ஒரு சொட்டு ஊத்தக் கூடாது.”

“இன்னாமா சசி, செடிக்குத் தண்ணி ஊத்துனது ஒரு குத்தமா?”

“ஊரே சேர்ந்து ஊத்துனா குத்தம்தான். தண்ணி நின்ன கொல்லையில சாமை இன்னா ஆவும்? உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும். உனுக்கும்தான் தெரியும். அப்புறம் எதுக்கு நீ தெனம் ரெண்டு கொடம் ஊத்துன?” என்று கேட்டுவிட்டு அவர் பாட்டுக்கு நடந்தார். எனக்குச் சுருக்கென்றது.

அன்றே பக்கெட்டைப் பலா மரத்தடிக்கு இழுத்துப்போய்ச் சாய்த்தேன். அழுகிய நாற்றம் குப்பென்று அடித்தது. அடியில் இருந்த ரெண்டு ஓட்டையும் சேற்றால் அடைபட்டுக் கிடந்தன. வேர் கருத்துக் கொழகொழவென்று கையோடு வந்தது. கத்தியைக் கழுவி, கறுப்பையெல்லாம் வெட்டி எறிந்தேன். உள்ளே ஒரு கைப்பிடி அளவுக்கு வெள்ளை வேர் கெட்டியாக இருந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. அத்தனை சின்ன வேர் அத்தனை பெரிய செடிக்குச் சோறு போடமுடியுமா? தண்டை முழங்கால் உயரத்துக்கு நறுக்கினேன். பக்கெட்டில் ஆறு ஓட்டை போட்டு, செம்மண்ணும் ஓடை மணலும் கலந்து நட்டு, சோப்பு போட்டு ரெண்டு தடவை கை கழுவினேன்.

அப்புறம் செய்யவேண்டியது ஒன்றுமில்லை. அதுதான் கொடுமை. விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஒரு சொம்பு. பன்னிரண்டு நாள் அது வெறும் குச்சியாகவே நின்றது. பதின்மூன்றாம் நாள் கணுவில் கடுகளவு பச்சை. புருஷனைத் தூக்கத்தில் எழுப்பிக் கூட்டிப்போய்க் காட்டினேன். “இதுக்கா?” என்று கேட்டவர், கீழே உட்கார்ந்து ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பங்குனி கடைசியில் மங்கம்மாள் வந்து இறங்கினாள். மூட்டையை இறக்கியதும் வாசலைச் சுற்றிப் பார்த்தாள். அங்கே செடி இல்லை. பின்பக்கம் அழைத்துப் போனேன், என் புருஷனும் பின்னாலேயே வந்தார். பத்தொன்பது பூவோடு விட்டுப்போனவள், முழங்கால் உயரக் குச்சியையும் அதில் நாலு கொத்து இலையையும் பார்த்தாள்.

“இன்னா ஆச்சுணா?” என்று அண்ணனைக் கேட்டாள்.

“அது வந்து, ஊர்க்காரங்க ஆளாளுக்குத் தண்ணி ஊத்தி...” என்று அவர் ஆரம்பித்தார். பொய் இல்லை. அப்படியே விட்டிருந்தால் தப்பித்திருப்பேன். ஆனால் மூன்று வருஷமாக அப்படித் தப்பித்துத்தானே இந்த லட்சணத்தில் நிற்கிறோம்.

“ஊர்க்காரங்க இல்ல. நான்தான் பெருமைக்கு ரோட்டாண்ட கொண்டுபோய் வெச்சேன். நானும்தான் கொடம் கொடமா ஊத்துனேன். தப்பு என்னுதுதான் மங்கா” என்றேன்.

அவள் குனிந்து ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தாள். நான் நிறுத்தவில்லை, நிறுத்தினால் மறுபடி வராது என்று தெரியும்.

“அன்னிக்கு பந்தியில பேசுனதும் தப்புதான்.”

மங்கம்மாள் இலையை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

“மெளகுக் கொடிக்கு ஏணி போட்டு ஏறுவோம், அண்ணி. ஒவ்வொரு படிக்கும் நீ சொன்னது காதுல கேக்கும். மூணு வருசமா ஏறுறேன்” என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டேன், அது நிற்கவில்லை. என் புருஷன் ஜீப்புக்கு டீசல் பார்க்கவேண்டும் என்று சொல்லி நழுவினார்.

அவள் பலா மரத்தடியிலேயே காலை நீட்டி உட்கார்ந்தாள்.

“காலையிலேர்ந்து ஒண்ணும் துன்னல. சோறு இருக்குதா?”

அந்தக் காதுகுத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவள் அவள். உள்ளே ஓடினேன். காலையில் வடித்த சாமைச் சோறும் கீரைக் குழம்பும்தான் இருந்தது. தட்டில் போட்டுக் கொடுத்துவிட்டு முட்டை பொரிக்க அடுப்பைப் பற்றவைத்தேன். முட்டையோடு நான் வெளியே வருவதற்குள் அவள் தட்டைக் காலி செய்துவிட்டு, இன்னொரு தரம் போடச் சொல்லி நீட்டிக்கொண்டிருந்தாள்.