எழில் பாடிய பாதிப் பாட்டு

பூதலூர் வேளாண்மை அலுவலகத்தில் வேலை பார்க்கும் அண்ணாதுரை, சிறுவயதில் ரேடியோ முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து முந்நூறு பாடல்களைப் பதிந்திருந்தான். ஒலி துளியும் குறையக் கூடாதென்று பின்னாளில் அவற்றைப் பெரிய பெரிய ஃபைல்களாகக் கணினியில் ஏற்றினான். மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் தங்கை எழில்மொழி, அவை தனக்கும் வேண்டும் என்றாள். அவளுடைய பழைய லேப்டாப்பில் அவ்வளவு இடமில்லை. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாவற்றையும், ஒலி கொஞ்சம் குறைந்தாலும் இடம் குறைவாகப் பிடிக்கும் எம்பி3 ஆக மாற்ற உட்கார்ந்தான்.

மாற்றியதை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தபோது, ஒரு பாட்டின் நடுவே சின்னப் பெண் ஒருத்தி கூடவே பாடினாள். எழில்தான். அப்போது அவளுக்கு எட்டு வயது. ரேடியோவில் வருமென்று மூன்று வாரம் காத்திருந்து பதிவு செய்த பாட்டைக் கெடுத்துவிட்டாளே என்று அன்று அவளை அடித்திருந்தான். அந்த அடியின் சத்தமும் டேப்பில் பதிந்திருந்தது. அதன்பிறகு ரேடியோ மட்டுமே பாடியது.

அவன் உடனே போன் செய்தான். "எழிலு, ஒரு பாட்ட மட்டும் மாத்தாம அப்படியே அனுப்புறேன். கொஞ்சம் இடம் பிடிக்கும்."

"எந்தப் பாட்டுண்ணே?"

"நீ பாடுனது."

"அடிச்சியே, அதுவா?"

"அதான். அப்ப எனக்குப் புத்தி இல்லம்மா."

"அதோட அந்தப் பாட்ட விட்டுட்டேன்," என்று சிரித்தாள். "மிச்சம் எனக்குத் தெரியாது."

"தெரிஞ்ச வரைக்கும் பாடு."

கூச்சத்தோடு அவள் பாடினாள். அண்ணாதுரை குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டான்.